ஜூடித் கெர் பற்றி வன்னி மாணவரிடம் எப்படிப் பேசுவது?

மாங்குளத்து ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையிலுள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கின்றேன். தரம் 9 முதல் 11 வரையான மாணவருக்கு எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகின்றோம். ஒவ்வோர் அமர்விலும் ஓர் எழுத்தாளரை எடுத்து, அவருடைய வாழ்க்கையையும் நூல்களையும் பற்றிப் பேசுவது வழக்கம். விரும்பிய பெற்றோரும் வந்து இருப்பார்கள். அடுத்த அமர்வுக்குச் சிறுவருக்கும் இளையோருக்கும் எழுதிய ஜூடித் கெரைத் தெரிவு செய்திருக்கின்றேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கின்றேன். கெர் 1923 ஜூன் 14 அன்று பெர்லினில் பிறந்தவர். தந்தை அல்பிரட் கெர் ஜேர்மனியில் பெரும் பெயர் பெற்றிருந்த நாடக விமர்சகர், யூதர், நாசிகளை வெளிப்படையாக எதிர்த்தவர். தாய் யூலியா இசையமைப்பாளர். 1933 இல், ஜூடித்துக்கு 9 வயதாக இருந்தபோது, குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறிச் சுவிற்சர்லாந்திலும் பின்னர் பாரிஸிலும் தங்கி, 1936 இல் இலண்டனை அடைந்தது. அந்த அலைச்சலை அன்னா என்னும் சிறுமியின் கதையாக்கி, 'ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது' என்னும் நாவலை 1971 இல் வெளியிட்டார். அன்னா வளர்ந்த பிந்திய காலத்தை மேலும் இரண்டு நாவல்களில் தொடர்ந்தார். 2019 மே மாதத்தில், 95 வயதில் இலண்டனில் மறைந்தார்.

நாவலை ஆங்கிலத்தில் வாசித்து, மாணவருக்குத் தமிழில் சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கின்றேன். கதையின் போக்கைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர், "புகையிரதத்தில் போகிறார்கள், ஏரிக்கரை விடுதியில் தங்குகிறார்கள், பாரிஸில் வீடு எடுக்கிறார்கள், இதை இடம்பெயர்வு என்று எங்கள் சனத்துக்கு முன்னால் சொல்லப் போகிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. வரப்போகும் பெற்றோர் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். பிள்ளைகளோ போர் முடிந்த காலத்திலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்கள். வீட்டில் அதைப் பற்றி எவரும் நேராகப் பேசாத நிலையில் வளர்பவர்கள். இவர்களிடையே கெரின் வாழ்க்கையில் எதை முதன்மைப்படுத்திச் சொல்வது? இந்த நாவல் எங்களுக்கு உகந்ததுதானா? வாசித்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

கனகராயன் எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். நான் நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்கு விடை கெரின் வாழ்க்கை வரலாற்றிலேயே இருக்கின்றது என்பதால் அங்கிருந்து தொடங்குகின்றேன்.

1933 பெப்ரவரியில் அல்பிரட் கெர் கடுஞ் சுரத்தில் படுத்திருந்தார். அவருடைய கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்யப் போகிறார்கள் என்று காவற்றுறையைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அவர் சுரத்தோடேயே எழுந்து எல்லை கடந்து பிராக் நகருக்குப் போனார். மனைவியும் இரு பிள்ளைகளும் மார்ச் 5 தேர்தலுக்குச் சற்று முன்னதாகச் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டார்கள். தேர்தல் முடிந்த மறுநாட் காலையிலேயே கடவுச்சீட்டுகளைக் கேட்டு வீட்டுக்கு ஆட்கள் வந்ததாகக் கெர் பின்னாளில் சொல்லியிருக்கின்றார். ஓரிரு நாட்கள் பிந்தியிருந்தால் அந்த நான்கு பேரின் கதை வேறு எவ்விதமாகவோ முடிந்திருக்கும். அவ்வாண்டு மே மாதத்தில் பெர்லினில் எரிக்கப்பட்ட நூல்களுள் தந்தையின் நூல்களும் இருந்தன.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது என்ன? புகையிரதப் பயணம், புதிய ஊர், புதிய மொழி. நாவல் ஏன் ஒரு பயணக் கதையைப்போலத் தோன்றுகின்றது என்றால், அந்தப் பெற்றோர் தம் அச்சத்தைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் அவ்வளவு கவனமாக மறைத்து வைத்தார்கள் என்பதனாலேதான். கெர் அதனை முதிர்ந்த வயதில் முற்றாக உணர்ந்திருந்தும், நாவலை எழுதியபோது தன் பிற்கால அறிவை அன்னாவின் தலைக்குள் திணிக்கவில்லை. அப்படித் திணித்திருந்தால் வரலாற்றுப் பாடம் ஒன்று கிடைத்திருக்கும்; அன்னா கிடைத்திருக்க மாட்டாள். உங்கள் கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் இந்த இடத்தைப் புரிந்துகொள்வார்கள் என்று உறுதியாக நம்புகின்றேன், ஏனெனில் செல்லடிக்கு நடுவே பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தாம்.

நாவல் பிறந்த விதத்தையும் சொல்லுங்கள். கெரின் மகன் மத்தியூ சிறுவனாக இருந்தபோது 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் சின்ன வயது எப்படியிருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது எனச் சொன்னானாம். உண்மையில் அது எப்படியிருந்தது என்பதைத் தன் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று கெர் எழுதத் தொடங்கினார். 1933 இல் நடந்தது 1971 இல் நூலாகியது. இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகின்றேன். எங்கள் மண்ணில் 2009 ஐப் பற்றி எழுத வேண்டியவர்கள் இன்னும் எழுதவில்லையே என்று அவசரப்படுபவர்களுக்கும் அது பயன்படும்.

பாரிஸ் வாழ்க்கையைச் சொல்லும்போது தந்தையின் நிலையைத் தவற விடாதீர்கள். மொழியையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தான் எழுதும் மொழியை வாசிப்பவர்கள் இல்லாத நாட்டில் இருந்தார். பணம் நாளுக்கு நாள் குறைந்தது. கடைசியில் நெப்போலியனின் தாயைப் பற்றி அவர் எழுதிய ஒரு திரைக்கதையை அலெக்சாண்டர் கோர்டா என்ற தயாரிப்பாளர் 1000 பவுணுக்கு வாங்கினார். அந்தப் பணம்தான் குடும்பத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. படம் எடுக்கப்படவே இல்லை.

வவுனியா வாசகி எழுதியது:

இந்த நாவலை என் மகளுடன் சேர்ந்து வாசித்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன். நானும் பிள்ளைப் பருவத்தில், 1995 இல் வலிகாமம் பெயர்ந்தபோது கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தவள். அடுத்த ஆண்டு கிளிநொச்சியிலிருந்து மல்லாவிக்கு மறுபடியும் பெயர்ந்தோம்.

கெரின் திறமை பெரிய நிகழ்ச்சியைச் சிறிய பொருளினூடாகக் காட்டுவதில் இருக்கின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். முயல் பொம்மையைப் பற்றி நீங்கள் கட்டாயம் பேசுவீர்கள். கண்கள் விழுந்து, கறுப்பு நூலால் கண் தைக்கப்பட்ட பழைய முயலை விட்டுவிட்டு, புதிதாகக் கிடைத்த கம்பளி நாயை அன்னா எடுத்துக்கொண்டு போகிறாள், விரைவில் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில். பின்னர் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் நாசிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஹிட்லர் தன் முயலை அணைத்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்கிறாள். ஆனால் என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறொரு காட்சி. அப்பாவின் தலைக்கு 1000 மார்க் விலை வைத்திருக்கிறார்கள் என்று அன்னா கேள்விப்படுகிறாள். அந்தக் காசு முழுவதையும் அப்பாவின் தலையில் கொட்டி, அவரை மூச்சுத் திணற வைத்துவிடுவார்கள் என்று எண்ணி நடுங்குகிறாள். பெரியவர்களுக்கு விளக்கவும் தோன்றாத, பிள்ளைக்குக் கேட்கவும் தெரியாத பயம் அது. வன்னியில் வளர்ந்த எவரும் இப்படியொரு பயத்தைத் தனியாகச் சுமந்திருப்பார். குண்டு போடும் கிபிர் விமானம் வரும்போது பறவைகள் எல்லாம் எங்கே போகும் என்று இரவிரவாக நான் யோசித்திருக்கின்றேன், எவரிடமும் கேட்டதில்லை.

யூலியஸ் மாமாவைப் பற்றியும் ஒரு சொல். அவர் குடும்ப நண்பர், இயற்கை அறிவியலாளர். தனக்கு ஒன்றும் நேராது என்று பெர்லினிலேயே தங்கிவிடுகிறார். யூத வம்சம் பாட்டி வழியில் கொஞ்சம் கலந்திருந்ததற்காக அருங்காட்சியக வேலை போகிறது. பிறகு, அவருடைய ஒரே ஆறுதலான மிருகக்காட்சிச்சாலைக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டும் பறிக்கப்படுகிறது. அதன் பின்னர் அவர் உயிரோடு இருக்கவில்லை. கெர் சித்திரவதை முகாமையோ துப்பாக்கியையோ காட்டாமல், ஒரு மனிதர் குரங்குகளைப் பார்க்கப் போக முடியாமற் போனதைக் காட்டுகின்றார். கொடுமை சட்டமாகவும் கடிதமாகவும் வருவதை இளைய வாசகருக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்திய பக்கங்கள் குறைவு. மாணவரிடம் இதனை வாசித்துக் காட்டுங்கள். ஆனால் வாசித்து முடிந்ததும் அடுத்த பகுதிக்கு ஓடிவிடாமல் அவர்கள் பேசுவதற்கு நேரம் விடுங்கள்.

என் மகள் அதிகம் கேட்டது அன்னாவைப் பற்றியல்ல, அன்னாவின் தாயைப் பற்றி. பெர்லினில் வேலையாட்களோடு வாழ்ந்தபோது சமையலோ தையலோ பழகியிராத அந்தப் பெண், பாரிஸில் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியவளாகி, சில வேளைகளில் பொறுமையிழந்து கோபப்படுகிறாள். அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று மகள் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நீண்ட பேச்சு ஒன்று தொடங்கியது.

முல்லைக்கடல் எழுதியது:

மேலே எழுதிய இருவரின் கருத்துகளையும் மதிக்கின்றேன். ஆயினும் ஒரு விடயத்தில் அவர்களிடமிருந்து வேறுபடுகின்றேன். அதனை வலியுறுத்திச் சொல்லாவிட்டால் சில பிள்ளைகளின் மனம் நோகக்கூடும்.

முதல் நாவல் முழுவதையும் தாங்கி நிற்பது ஒரே நம்பிக்கை: குடும்பம் ஒன்றாக இருக்கும் வரைக்கும் அகதியாக இருப்பது பொருட்டல்ல. புகழ்பெற்றவர்கள் எல்லோரும் துன்பமான பிள்ளைப் பருவத்தைக் கடந்தவர்கள் என்று ஒரு நூலில் வாசித்த அன்னா, தன்னுடைய பிள்ளைப் பருவம் துன்பமானதல்ல என்ற முடிவுக்கு வருவதும் அதனாலேதான். அவளுக்கு அது உண்மை. உங்கள் நூலக அறையில் இருக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேரின் வீட்டில் அப்பாவோ மாமாவோ பெரியண்ணாவோ இல்லை? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தொடர்ந்து நடந்து வந்திருக்கின்றது. பேத்தியையும் பேரனையும் அருகில் இருத்திக்கொண்டு படத்தை ஏந்தியிருந்த அம்மம்மாக்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். அந்தப் பேரப்பிள்ளை உங்கள் வட்டத்தில் இருந்தால், 'எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள், ஆகவே நலமாக இருந்தார்கள்' என்று முடியும் கதை அவனுக்கு என்ன சொல்லும்?

ஆகவே கெரின் முதல் நாவலை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அவரே அதில் நிறுத்தவில்லை. 1975 இல் வந்த இரண்டாவது நாவலில் அன்னா இலண்டனில் வளர்ந்த பெண். பெற்றோர் அகதிகள் நிறைந்த ஒரு மலிவான விடுதியில் இருக்கிறார்கள். நகரத்தின்மேல் குண்டு விழுகிறது. கேம்பிரிஜ்ஜில் படித்துக்கொண்டிருந்த அண்ணனை, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவன் என்றும் பாராமல், ஜேர்மனியன் என்ற காரணத்தால் பிரித்தானிய அரசு பிடித்து அடைத்து வைக்கிறது. கெரின் சொந்த அண்ணன் மைக்கலுக்கு 1940 இல் நடந்தது இது. அவர் பின்னர் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசரும் ஆனார். இந்த நாவலில்தான் பழைய நம்பிக்கை தலைகீழாகின்றது. ஒரு காலத்தில் பெற்றோர் அருகில் இருந்தால் தனக்குப் பயமில்லை என்றிருந்த அன்னா, இப்போது தாங்கள் அருகில் இருந்தாற்றான் பெற்றோருக்குப் பயமில்லை என்பதைக் காண்கிறாள். பன்னிரண்டு வயதிலேயே கிராம அலுவலரிடம் படிவம் நிரப்பிக் கொடுக்கவும், அம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துப் போகவும் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடம் முயல் பொம்மையைவிட நெருக்கமானது.

1978 இல் வந்த மூன்றாவது நாவலில், மணமான அன்னா 1956 இல் பெர்லினுக்குத் திரும்புகிறாள், தாயின் நிமித்தமாக. அங்கே முதலாவது நாவலின் சிரித்த முகத்துக்குப் பின்னால் தாய் எவ்வளவைச் சுமந்திருந்தாள் என்பது வெளியாகின்றது. கனகராயன் ஐயா சொன்ன, மறைத்து வைக்கப்பட்ட அச்சத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை எழுத, கெர் தன் வாசகர் வளரும் வரை காத்திருந்ததாகவே எனக்குத் தோன்றுகின்றது. ஒரே வாழ்க்கையைச் சிறுவருக்கும், இளையோருக்கும், வளர்ந்தவர்களுக்கும் தனித்தனியாக மூன்று முறை, மூன்று உயரங்களிலிருந்து எழுதியவர் என்றே அவரை அறிமுகம் செய்யுங்கள். இளையோருக்கு எழுத முயலும் எனக்கு அவரிடம் கற்க வேண்டியதாகப் படுவதும் அதுவே.

மாங்குளத்து ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முல்லைக்கடல் அவர்கள் எழுப்பிய விடயம் என் திட்டத்தையே மாற்றிவிட்டது. இப்போது இரண்டு அமர்வுகளாகப் பிரிக்க எண்ணுகின்றேன்: முதலாவதில் பெர்லின் முதல் பாரிஸ் வரை, இரண்டாவதில் இலண்டன். மேலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்றாவது நாவலில் தாய் தன் உயிரை மாய்க்க முயன்றது கதையின் மையமாக இருக்கின்றதே, அதனை இந்த வயதினரிடம் சொல்லலாமா? அடுத்தது, தம்பி தங்கையரையும் அழைத்து வரலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கெரின் 'தேநீர் அருந்த வந்த புலி' என்னும் படநூல் என்னிடம் இருக்கின்றது. அந்தப் புலி நாசிகளைக் குறிக்கின்றது என்று எங்கோ வாசித்தேன். சின்னப் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது?

கனகராயன் எழுதியது:

முதற் கேள்விக்கு என் கருத்து: மூன்றாவது நாவல் வளர்ந்தவர்களுக்கானது. அப்படியொரு நூல் உண்டு, தாயின் பிற்கால மனத்துயரைப் பற்றியது என்று மட்டும் சொன்னாற் போதும். உயர்தர வகுப்புக்குப் போன பின்னர் விரும்புகிறவர்கள் தாமாகவே தேடி வாசிக்கட்டும். யூலியஸ் மாமாவின் முடிவைச் சொல்லும் நாளில், உங்கள் பாடசாலையில் ஆலோசனையும் வழிகாட்டலும் பொறுப்பிலுள்ள ஆசிரியரை அருகில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியர் இந்த நாவலை எவ்வாறு ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜேர்மன் மொழிபெயர்ப்பு 1974 இல் அந்நாட்டின் இளையோர் இலக்கியப் பரிசைப் பெற்றது. இன்று ஜேர்மனியப் பாடசாலைகளில் பரவலாக வாசிக்கப்படுகின்றது. குடும்பத்தைத் துரத்திய நாட்டின் பிள்ளைகளே அன்னாவை வாசித்து வளர்கிறார்கள்.

வவுனியா வாசகி எழுதியது:

தம்பி தங்கையரைக் கட்டாயம் அழைத்து வரச் சொல்லுங்கள். 1968 இல் வெளிவந்த அந்தப் படநூல், கெர் தன் சின்ன மகளுக்குப் படுக்கும் வேளையில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. ஒரு புலி வீட்டுக்கு வந்து, இருந்த உணவு அனைத்தையும் தின்று, குழாயிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விடுகின்றது. அது நாசிகளைக் குறிக்கின்றது என்று சிலர் விளக்கியது உண்மை. கெர் அதனை மறுத்து, புலி வெறும் புலிதான் என்றே சொல்லி வந்தார். எழுதியவரின் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள். வன்னியில் எதை எடுத்தாலும் அதற்குள் போரைத் தேடும் வழக்கம் பெரியவர்களிடம் இருக்கின்றது, அதற்குக் காரணமும் இருக்கின்றது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு புலி, ஒரு பெரிய பசி, வெறுமையான அலுமாரி, அவ்வளவே போதும். இரவில் யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போன வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை.

வாசிக்கும் முறையைப் பற்றி ஒன்று. கெர் அடிப்படையில் ஓவியர். இலண்டனில் ஓவியக் கல்லூரியில் படித்தவர். படத்தில் தெரிவதைச் சொல்லிலும் திருப்பி எழுதக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே பக்கத்தைத் திருப்பியதும் உடனே வாசிக்கத் தொடங்காமல், பிள்ளைகள் படத்தை முழுமையாகப் பார்த்து முடிக்கும் வரை பொறுத்திருங்கள். நூலைப் பிடித்திருக்கும் கை அவர்களின் கண் மட்டத்துக்கு இருந்தால், பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் புலியின் வால் தெரியும்.